எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்: பட்டன் அழுத்துகிற வேலைதானா?

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. ரேடியோகிராபி படிக்க ஆசைப்படுகிறாள், "பட்டன் அழுத்துகிற வேலைக்கு எதற்கு இத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

மூட்டில் எலும்பு நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புகளின் இடைவெளி குறைந்திருந்தால் தேய்மானம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.யில் அதை நேரடியாகவே பார்க்கலாம். குருத்தெலும்பில் பெரும்பகுதி தண்ணீர்; அந்தத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன்தான் சிக்னல் தருகிறது.

ஆனால் எந்த சீக்வென்ஸ், அதாவது சிக்னலை எடுக்கும் எந்த முறை, போடுகிறோமோ அதற்கேற்பப் படம் மாறும். கொழுப்பின் சிக்னலை அடக்கி எடுக்கும் புரோட்டான் டென்சிட்டி என்ற சீக்வென்ஸ் படத்தில், மஜ்ஜையில் கொழுப்பு இருப்பதால் எலும்பு கறுத்துவிடும். மூட்டு நீர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். குருத்தெலும்பு நடுவே சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும். பட்டையில் வெடிப்பு இருந்தால் அதற்குள் நீர் புகுந்து வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும், நார் மிகுந்த மெனிஸ்கஸோ கறுப்பு முக்கோணமாக நிற்கும்.

அந்தப் பட்டையின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். நோயாளி காலை லேசாக அசைத்தாலே மங்கிவிடும். இன்னொன்று, திசுவின் நார்கள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில், நல்ல திசுவும் அடிபட்டதுபோல வெளுத்துத் தெரியலாம். எக்கோ டைமை, அதாவது சிக்னலைப் பதியும்வரை காத்திருக்கும் நேரத்தை, கூட்டி எடுத்தால் அந்தப் போலி வெளுப்பு அடங்கும். இதைப் புரிந்தவர் கையில்தான் படம் நம்பகமாக வரும். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். ஆனால் படம் சரியில்லையென்றால் அவரும் என்ன செய்வார்? இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு இது அருமையான துறை என்று நான் மனதார நம்புகிறேன்.

கதிர்வீச்சு பயம் இருக்கும், நியாயம்தான். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். எக்ஸ்ரே, சி.டி. பிரிவுகளிலும் வேலை பார்க்க வேண்டிவரும். அங்கே கதிர் அளவைக் கண்காணிக்க பேட்ஜ் அணிவார்கள். எம்.ஆர்.ஐ.யில் வேறு ஆபத்து: ஸ்கேன் எடுக்காதபோதும் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும், இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரைக்கூட இழுத்துவிடும்.

சின்ன ஸ்கேன் சென்டர்களில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். எம்.ஆர்.ஐ. நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடும். அதனால் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், அங்கே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: ஸ்கேனரை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்து தாங்களே ஸ்கேன் எடுக்க விடுகிறார்களா, பின்னால் நின்று பார்ப்பதோடு சரியா?