1996-லேயே பாலாறு வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதே, 2025-ல் மறுபடியும் எதற்கு?

1996 ஆகஸ்ட் தீர்ப்பு பெரியதுதான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. இன்றும் சட்ட மாணவர்கள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள்.

ஆனால் தோல் கழிவு இறங்கிய நிலமும் கிணறும் தீர்ப்பால் சுத்தமாகிவிடாதே! சுற்றுச்சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். அது 2001-லும் 2009-லும் இழப்பீடு தீர்மானித்தது. அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. தொகையை வசூலிப்பதும், கழிவை நிறுத்துவதும், மண்ணை மீட்பதும் தனித்தனி வேலைகள். அவைதான் தேங்கிப்போயின.

2025 ஜனவரி 30 தீர்ப்பின் முக்கியம் இங்கேதான். தோல் தொழிற்சாலைகள் கொடுக்கும் வரை விவசாயி காத்திருக்க வேண்டாம், நிலுவை இழப்பீட்டை அரசே 6 வாரத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் அவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. வழக்கை முடித்துவிடாமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. என் பார்வையில் இதுதான் உண்மையான முன்னேற்றம்.

இன்னொன்று: 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் இப்போது திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பழைய இழப்பீட்டு உத்தரவில் உங்கள் தாத்தா பெயர் இருந்தால், வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.