தம்பி எழுந்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியுள்ளார்: "எலக்ட்ரீஷியனான என் தம்பிக்கு வயது 29. நான்கு மாதங்களுக்கு முன் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பிசியோதெரபிஸ்ட் வாரம் இருமுறை வருகிறார். நடக்க முடிந்த பிறகுதான் வெளியே வருவேன் என்கிறான். நாங்கள் என்ன செய்வது?"

காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். தண்டுவடக் காயம் முழுமையானதா (காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் அறவே இல்லாதது), பகுதியளவானதா (ஓரளவு எஞ்சியிருப்பது) என்பதைப் பொறுத்தே கால்களுக்கு எவ்வளவு அசைவு திரும்பும் என்று கணிக்க முடியும். அதைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் தம்பியையும் உடன் வைத்துக்கொண்டே வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், சக்கர நாற்காலியில் இயங்கப் பழகுவது நடைப்பயிற்சியைக் கைவிடுவதாகாது. படுத்தே கழியும் மாதங்களில் தோள்வலுவும் மனவலுவும் சேர்ந்தே குறைகின்றன.

வாரம் இருமுறை வீட்டில் தரும் பயிற்சி இந்நிலையில் போதாது. கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனைக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்களுடன் அழைத்துச் சென்று, உள்நோயாளியாகச் சேர்த்துப் பயிற்சி பெற முடியுமா என்று கேளுங்கள்.

அங்கு அவர் முதலில் கற்க வேண்டியது சிறுநீர்ப்பை பராமரிப்பு. தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலர் வீட்டைவிட்டு வெளியேறத் தயங்குவதற்குக் கால்களைவிட, நாலு பேர் முன்னிலையில் ஆடை நனைந்துவிடுமோ என்ற அச்சமே பெரிய காரணம். அதை அவர்கள் குடும்பத்தாரிடம்கூடச் சொல்வதில்லை. மருத்துவர் பொருத்தமானது என்று கருதினால், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான மெல்லிய குழாயைச் (கத்தீட்டர்) சிறுநீர்த் துவாரம் வழியாகத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றப் பழகலாம். மலம் கழிப்பதற்கும் தினமும் ஒரே நேரத்தை வழக்கமாக்க வேண்டும். இவ்விரண்டும் அவர் கட்டுக்குள் வந்துவிட்டால், வெளியே போவதைப் பற்றி அவரே பேசத் தொடங்க வாய்ப்புண்டு.

அடுத்தது தோல். உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் வலியே தெரியாமல் படுக்கைப்புண் உண்டாகி, ஆழமாகி, உயிருக்கே ஆபத்தாக முடியும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். நாற்காலியில் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். தினமும் இரவு வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பகுதிகளைக் கண்ணாடி வைத்து அவரே பார்க்கட்டும். அன்பினால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். சக்கர நாற்காலியை அவருடைய இடுப்பளவுக்கு ஏற்ப, அழுத்தம் குறைக்கும் மெத்தையுடன் வாங்குங்கள்; மருத்துவமனை வராந்தாக்களில் காணும் பொதுவான நாற்காலி நாள்முழுக்க உட்காரத் தகுந்ததல்ல.

இயன்றால் தரைத்தளத்துக்கு வீடு மாறுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரை அடி வாசற்படிக்கு ஆறு அடிச் சாய்தளம் தேவைப்படும். முன்பணம் கொடுப்பதற்கு முன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். நாற்காலி நுழையாத குளியலறைகள் நம் ஊர் வாடகை வீடுகளில் மிக அதிகம்.

முதல் பயணம் மருத்துவமனைக்காக மட்டும் இருக்க வேண்டாம். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் கடலருகே செல்வதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நாற்காலியில் இருந்தபடியே வேலைக்குச் செல்லும் ஒருவரைத் தம்பி சந்தித்துப் பேச மருத்துவமனை வழியாக ஏற்பாடு செய்யுங்கள். நம் அறிவுரைகளைவிட அந்தச் சந்திப்பு அதிகம் செய்யும் என்பது என் நம்பிக்கை.

அவருடைய தொழிலறிவு அப்படியே இருக்கிறது. மோட்டார் காயில் கட்டுதல், மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்த்தல் ஆகியவற்றை மேசையில் உட்கார்ந்தே செய்ய முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்; ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ எனச் சான்று கிடைத்தபின், பராமரிப்பு உதவித்தொகை, தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான பேட்டரி சக்கர நாற்காலி, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், தொழில் கடன் ஆகியவற்றில் எவை கிடைக்கும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

இழப்பீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வேலையின்போது நேர்ந்த விபத்து என்பதால், இ.எஸ்.ஐ. காப்பீடு இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு அளித்தும் கோரலாம். மனுவுக்கான காலவரம்பு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ஒப்பந்ததாரர் கொடுத்த சம்பளச் சீட்டு, உடன் வேலை பார்த்தவர்களின் பெயர்கள், காவல் நிலையப் பதிவு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் ஆகியவற்றை இந்த வாரமே திரட்டத் தொடங்குங்கள்.