இங்க் பேனாவுக்கு ஏற்ற மலிவு நோட்டு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இங்க் பேனாவில் எழுதும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பக்கத்துக் கடையில் கிடைப்பதை வைத்தே முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

80 ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருந்ததால் நம்பி வாங்கினேன் அண்ணா. மை பின்பக்கம் வரை ஊறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இல்லை தம்பி. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். அந்த 5 கிராம் தாள் மையை எவ்வளவு குடிக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லாது. பிளாட்டிங் பேப்பரும் கனமானதுதான், ஆனால் அதன் வேலையே மையைக் குடிப்பது. ஜப்பானின் டொமோயே ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம்தான். மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊறாது.

மையைத் தடுப்பது தாளில் ஏற்றும் பசை. கூழிலேயே கொஞ்சம் கலப்பார்கள். நல்ல தாளுக்கு மேற்பரப்பிலும் ஸ்டார்ச் பூசுவார்கள், வேட்டிக்குக் கஞ்சி போடுவது மாதிரி. அந்தக் கஞ்சி சரியாக இருந்தால் மை மேலேயே நின்று காயும். குறைந்தால் நார் வழியே ஓடி, எழுத்தின் ஓரம் மயிர்மயிராகப் பிரியும். நோட்டு அட்டையில் ஜிஎஸ்எம் போடுகிறார்கள், பசையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதனால்தான் எழுதிப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது? எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறது.

மலிவான பள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் கிரீம் வோவ் தாள் இருக்கும். அதற்கு மேற்பூச்சு கிடையாது அல்லது மிகக் குறைவு. அடுத்த படி மேப்லித்தோ. ஆஃப்செட் அச்சுக்காக மேற்பரப்பில் பசை ஏற்றிய தாள் என்பதால் இங்க் பேனாவுக்கும் ஒத்துழைக்கும். சில்லறைக் கடைக்காரருக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம், அச்சகத்திலும் பைண்டிங் கடையிலும் உடனே புரிந்துகொள்வார்கள்.

எப்படியிருந்தாலும் உங்கள் பேனாவைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே ஒரு நோட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் கடை வாசலிலேயே எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்ப்பது ‘ண’, ‘ஞ’, ‘ணை’. தமிழில் சோதனைக்கு இவற்றைவிட நல்ல எழுத்து இல்லை. மை பரவும் தாளில் சுழிகள் அடைந்து மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகிவிடும். பிறகு ஒரு புள்ளி வைத்து, நிப்பை எடுக்காமல் இரண்டு மூன்று விநாடி வைத்திருங்கள். புள்ளி வட்டமாகவே நின்றால் நல்லது, பூவாக விரிந்தால் வேண்டாம். தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் எழுதுங்கள், இரு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. அச்சடித்த கோட்டின் மேலும் பேனாவை ஓட்டிப் பாருங்கள். சில நோட்டுகளில் அங்கே மட்டும் எழுத்து விட்டுவிட்டு வரும்.

சோதித்த நோட்டு பிடித்திருந்தால் அதே கட்டிலிருந்து தேவைக்கு இன்னும் சில எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே அட்டை என்றாலும் அடுத்த லோடில் தாள் மாறலாம். போன வருடம் நன்றாக இருந்தது என்பதை நம்பி டஜன் கணக்கில் வாங்க வேண்டாம்.

மாதம் இரண்டு நோட்டு தீர்கிறது சார். இதைவிடச் சிக்கனமான வழி உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். நோட்டு வாங்காதீர்கள், தாள் வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் காப்பியர் தாள் கட்டு ஒன்றில் 500 தாள். பாதியாக வெட்டினால் ஏ5 அளவில் 1000 ஏடு, இரு பக்கமும் சேர்த்து 2000 பக்கம். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தருவார்கள். அளவு பிசகாமல் வெட்ட, கட்டிங் மிஷின் உள்ள அச்சகம் நல்லது. கட்டை வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு தாள் கேட்டு, மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். கோடு வேண்டுமென்றால் லேசான சாம்பல் நிறத்தில் வீட்டு பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம். தடித்த கோடு போட்ட தாளை அடியில் வைத்தும் எழுதலாம்.

இன்னும் நல்ல தாள் வேண்டுமென்றால் 85, 90 ஜிஎஸ்எம் பாண்ட் தாள். பத்திரம், லெட்டர்ஹெட் அடிக்க வாங்குவார்களே, அது. தடித்த நிப்பையும் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் பெயர் பெற்ற வெளிநாட்டு நோட்டு விலையில் சிறு பங்கே ஆகும்.

ஒரு சின்ன விஷயம். தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. ஏ4 காப்பியர் தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். பாதியாக வெட்டியதும் அது நோட்டின் முதுகுக்கு, அதாவது பைண்ட் செய்யும் ஓரத்துக்கு, குறுக்காக வந்துவிடும். ஸ்பைரலுக்கு இது பொருட்டில்லை. ஆனால் தையல் அல்லது பசை பைண்டிங்கில் பக்கங்கள் விறைத்து நிற்கும், நோட்டு மேசையில் படியாது.

டிஎன்பிஎல் தாள் கரும்புச் சக்கையில் செய்வது என்கிறார்கள். இங்க் பேனாவுக்கு ஆகுமா?

ஆகும். டிஎன்பிஎல் தமிழ்நாடு அரசின் காகித ஆலை. கரூர் அருகே காகிதபுரத்தில் 1984 முதல் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறார்கள். சக்கையின் நார் குட்டையானது, அதனால் தாள் நெருக்கமாகப் படியும். ஆனால் மை ஊறுமா என்பதை முடிவு செய்வது பசைதான். மரக்கூழ், சக்கை என்று பார்த்து ஒதுக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வை இங்க் பேனாவில் எழுதலாமா ஐயா? விடைத்தாள் எப்படியிருக்கும் என்று தெரியாதே.

நீலம் அல்லது கறுப்பு மை என்று வினாத்தாளிலேயே இருக்கிறது, இங்க் பேனாவுக்குத் தடையில்லை. தாளைத் தேர்ந்தெடுக்க முடியாதபோது நிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். நுண்ணிய நிப், அதிகம் ஈரம் விடாத பேனா. இப்போதிருந்தே மலிவு நோட்டில் அதே பேனாவால் எழுதிப் பழகுங்கள். கூடவே ஒரு பந்துமுனைப் பேனாவும் பையில் இருக்கட்டும்.

எனக்கு இடது கை. நல்ல தாள் என்று சொன்ன நோட்டில்தான் மை அதிகமாக இழுவுகிறது.

நல்ல தாளில் மை மேலேயே நிற்கும், காயவும் நேரமாகும். இடது கை பின்னாலேயே வந்து தேய்த்துவிடும். உங்களுக்குக் கொஞ்சம் உறிஞ்சும் தாளே சரி. காப்பியர் தாளும் நுண்ணிய நிப்பும் சேர்ந்தால் போதும். மற்றவர்கள் புகழும் விலை உயர்ந்த நோட்டுக்காக நீங்கள் ஆசைப்பட வேண்டியதில்லை.

சென்னையில் இருக்கிறேன். கோடையில் நன்றாக எழுதிய அதே நோட்டு ஐப்பசியில் ஊறுகிறது. பிரமையா?

பிரமை இல்லை. தாள் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரமான தாளில் மை சீக்கிரம் பரவும். எழுதாத நோட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள், தரையோடு வேண்டாம். கோடையில் வேறு தொல்லை. வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் பேனா எழுதாமல் வழுக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்தால் தீரும்.

மகள் படிப்புக்கு வாங்கியதில் நிறைய நோட்டு மிச்சம். எல்லாமே மை ஊறும் ரகம். தூக்கிப் போட மனமில்லை.

போடாதீர்கள் அம்மா. ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். மையை மாற்றிப் பாருங்கள், ஒரே தாளில் இரண்டு மை இரண்டு விதமாக நடக்கும். பளிச்சென்று சொட்டும் அடர்ந்த மைகளைவிட, வறண்டு ஓடும் மைகள் இத்தகைய தாளில் அடங்கி நிற்கும். பெலிக்கன் 4001 நீலக்கறுப்பு அப்படிப்பட்டது. அது இரும்புச் சத்துள்ள மை, பேனாவில் மாதக்கணக்கில் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் கழுவிவிடுங்கள். நாட்குறிப்புக்கும் இதுவே நல்லது. சாதாரண ராயல் ப்ளூவில் தண்ணீர் பட்டால் எழுத்தே போய்விடும்.

இதற்கும் அடங்காத நோட்டு என்றால் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் படம் வரையட்டும்.