சித்திரத்தில் ஏ எடுத்த மகள்: அடுத்து எங்கே படிப்பது?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் மூன்று பாடங்களும் சித்தி, சித்திரத்தில் ஏ. வெட்டுப்புள்ளி போதாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்படியான பிள்ளைகள் அங்கே சமுதாயக் கல்லூரியில் சேர்வார்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். வன்னியில் அப்படி ஏதும் உண்டா? சித்திரம் படித்துப் பிழைக்க முடியுமா?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: முடியும். ஆனால் பல்கலைக்கழகக் கதவு மூடிவிட்டதென்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மருதனார்மடத்தில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்திலும், மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம், சிற்பம் போன்ற கட்புலக் கலைப் பட்டப்படிப்பு உண்டு. அவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை வைக்கிறார்கள். அங்கே மகளின் கை பேசும். அதற்கான அறிவித்தல் தனியாக வரும். அதைக் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் நோகிறது.

உங்கள் தம்பி சொல்வது வட அமெரிக்க ஏற்பாடு. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். இங்கே அந்த இடத்தில் இருப்பவை தொழிற்பயிற்சி நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும். தொழிற்பயிற்சிக்கு நாடு முழுவதும் ஏற்கப்படும் தகுதிமுறையான தேசிய தொழிற்தகைமையில் (NVQ) ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். சேருமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நிறுவனம் பதிவுபெற்றதா என்பதோடு, அந்தக் கற்கைநெறிக்கே தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா? பதிவு இருந்தும் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் போகலாம். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் பெரும்பாலும் பொறியியல் சார்ந்தது. மகளுக்குப் பொருந்துவது கணினி வரைகலை என்பேன். வன்னியில் அச்சகமும் பெயர்ப்பலகைக் கடையும் இல்லாத பட்டினம் இல்லை. தமிழ் எழுத்தைப் பார்க்கத் தெரிந்த கண்தான் குறைவு. ஓர் அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாமினி எழுத்துருவில் கொம்பு தனி எழுத்தாகவே தட்டச்சாகிறது. அழகுக்காக எழுத்து இடைவெளியைக் கூட்டினால், 'பெ' என்பதன் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். கைபேசிகள் பயன்படுத்தும் யூனிகோட் குறியீட்டில் வந்த செய்தியை அப்படியே பாமினிக்கு மாற்றினால் வரி முழுவதும் குழம்பிவிடும். இதை அச்சுக்குப் போகுமுன் கண்டுபிடிக்கிற பிள்ளையை எந்த முதலாளியும் விடமாட்டார்.

கோயில் வேலையும் இருக்கிறது. வாகனம், சுதைச் சிற்பம், திரைச்சீலை எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்ட ஆள் வேண்டும். திருவிழாவுக்கு முந்திய மாதங்களில் ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிவேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்குக் கணினி வேலை கைகொடுக்கும். பெண்பிள்ளை சாரத்தில் ஏறுவதா என்று ஊர் கேட்கும். நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள். அனுபவமுள்ள ஓவியரிடம் பழகிக் கற்றதையும் வீணாக எண்ண வேண்டாம்; தொழிற்தகைமை உள்ள தொழிலென்றால், முன் அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் வழங்கும் முறை உண்டு.

ஆசிரியத் தொழில் விருப்பமென்றால், தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பாருங்கள். மூன்று ஆண்டுப் படிப்பு, கடைசி ஆண்டு பாடசாலையில் பயிற்சி. சித்திரப் பாடத்துக்குத் தமிழ்மொழியில் இடம் இருக்கிறதா என்பதை அந்தந்த ஆண்டு அறிவித்தலில்தான் உறுதிசெய்ய வேண்டும்.

எந்த வழியில் போனாலும் படைப்புக் கோப்பு ஒன்று வேண்டும். பன்னிரண்டு நல்ல வேலைகள் போதும். பிரதி பார்த்து வரைந்த நடிகர் முகங்கள் வேண்டாம். வீட்டுக் கிணற்றடி, உழவு இயந்திரம், சந்தைக்கு வந்த மனிதர் என்று நேரில் பார்த்து வரைந்தவை இருக்கட்டும். முதல் வரைவையும் எறியாமல் கூடவே வையுங்கள். பார்ப்பவருக்கு அவள் யோசித்த விதம் தெரியும். சம்பள வேலை வருமுன் கடைப் பலகை, பிறந்தநாள் அட்டை என்று சிறு வேலைகள் தேடி வரும். பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கிக்கொண்டே அவள் தூரிகையை எடுக்கட்டும், சொந்தக்காரர் கடையென்றாலும்.