கிரேடு செய்த காசை ஸ்லாபை உடைத்து ஆல்பத்தில் வைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா சேர்த்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் ஆண்டு வரிசைப்படி ஒரு ஆல்பத்தில் இருக்கின்றன. விடுபட்ட 1911, 1913, 1918 ரூபாய்களையும் கூடவே ஒரு 1930 கால் அணாவையும் ஏலத்தில் எடுத்தேன். நான்கும் கிரேடு செய்து, ஸ்லாப் என்கிற மூடி ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியில் வந்திருக்கின்றன, பெட்டியோடு ஆல்பத்தில் நுழையாது. உடைத்து எடுத்தால் மதிப்பு குறையுமா? எப்படி உடைப்பது?"

உடைக்கலாம், தப்பே இல்லை. ஆனால் நான்கையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள், அதுவும் நம் மலையில். உடைப்பது கொஞ்ச நேர வேலை. அதன் பிறகு அந்தக் காசு எந்தப் பிளாஸ்டிக்கில், எந்த அலமாரியில், எந்தக் காற்றில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கையில் கட்டிங் பிளேயரை எடுங்கள்.

மதிப்பு விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பிசிஜிஎஸ் (1986 முதல்), என்ஜிசி (1987 முதல்) போன்ற அமெரிக்க நிறுவனங்கள் காசு அசல்தான் என்றும், 70 வரை போகும் அளவுகோலில் அதன் நிலை இவ்வளவு என்றும் உத்தரவாதம் தருகின்றன. பெட்டி திறக்காமல் இருக்கும் வரைதான் அந்த உத்தரவாதம் செல்லும். உடைத்த நிமிடமே போய்விடும், திரும்ப அனுப்பினால் கட்டணம், தபால் செலவு எல்லாம் மறுபடி, அதே எண் வரும் என்ற நிச்சயமும் இல்லை. 1913, 1918 இரண்டும் ஏராளமாக அச்சடித்த ஆண்டுகள், ஆகவே 61, 62 போன்ற எண் இருந்தால் தாராளமாக உடையுங்கள், பெரிய நஷ்டம் வராது. 65-க்கு மேல் என்றால் விலையில் பாதிக்கு மேல் அந்த எண்ணுக்காகத்தான் கொடுத்திருப்பீர்கள், யோசித்துச் செய்யுங்கள். லேபிளில் எண்ணே இல்லாமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறை மட்டும் எழுதியிருந்தால் இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை, முதலில் உடைக்க வேண்டியது அதைத்தான்.

1911-ஐ உடைக்காமல் விட்டுவிடுங்கள் என்பேன். அரசரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கி, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள், 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். தேடி வாங்கும் ஆண்டு என்பதால் விற்கிற நாளில் அந்த லேபிளுக்கு வேலை உண்டு. நாளைக்கு 1921, 1922 கிடைத்தாலும் இதே கதைதான். அரிய ஆண்டு என்றாலே தேதியைத் திருத்திய போலிகள் சந்தையில் வரும்.

கால் அணாவைத் தொடவே தொடாதீர்கள். அது வெண்கலம். லேபிளில் சிவப்பு என்றோ சிவப்பு-பழுப்பு என்றோ போட்டிருந்தால், அந்தப் புதுச் செம்பு நிறத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் சட்டை காயவே நாலு நாள் ஆகிறது, அந்தக் காற்றில் திறந்து வைத்தால் அது பழுப்பாகும், கரும்புள்ளி விழும், போன நிறம் எதைச் செய்தாலும் திரும்பாது.

சரி, 1913-உம் 1918-உம். தை, மாசியில் நல்ல வெயில் அடிக்கிற மதியமாகப் பார்த்து வையுங்கள். முதலில் லேபிள் எண் தெரியும்படி இருபுறமும் படம் எடுங்கள். குளிர்ந்த அறையில் இருந்த பெட்டியைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் காசின் மேல் பனி பூக்கும், அதனால் திறக்காமல் ஒரு மணி நேரம் அங்கேயே விடுங்கள். தாழ்வான மேசையில் மொத்தமான துவாலையை விரியுங்கள், சிமெண்ட் தரையில் விளிம்பு பட்டால் அவ்வளவுதான். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், இந்தப் பிளாஸ்டிக் உடையும்போது சில்லு தெறிக்கும்.

பெட்டியின் இரு பாதிகளையும் அல்ட்ராசோனிக் அதிர்வால் உருக்கி ஒட்டியிருப்பார்கள், கத்தியை விட்டு நெம்பித் திறக்க முடியாது. காசுக்குத் தள்ளி இருக்கிற லேபிள் பக்க மூலையைக் கட்டிங் பிளேயரில் கடித்து, 'டக்' என்று உடையும் வரை அழுத்துங்கள். பக்கத்து மூலையையும் அப்படியே. இப்போது இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி தெரியும், அதில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை லேபிள் பக்கம் மட்டும் நுழைத்துத் திருகினால் ஒட்டு நீளவாக்கில் விட்டுக்கொண்டே வரும். சுத்தியலால் அடிப்பது, ரம்பத்தால் அறுப்பது, சூடு காட்டுவது எதுவும் வேண்டாம். பிசிஜிஎஸ் பெட்டியில் காசைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் இருக்கும், அதை விரித்தால் காசு வந்துவிடும். என்ஜிசியில் வெள்ளைத் தகடு, அதில் சின்னச் சின்னப் பற்கள் காசைப் பிடித்திருக்கும். முகத்தில் விரல் வைத்துத் தள்ளாமல் தகட்டை வெளி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தளர்த்துங்கள். வந்ததும் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், சில்லுகளின் மேல் இழுக்கக் கூடாது. தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி பட்ட இடத்தில் பின்னாளில் புள்ளி விழும், கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள்.

இப்போது நல்ல தராசில் எடை பாருங்கள், 11.66 கிராமை ஒட்டி வர வேண்டும். பெட்டியில் மறைந்திருந்த விளிம்பு வரிகளையும் இப்போது ஆசை தீரப் பார்க்கலாம். விபூதி, புளி, பற்பசை எதையும் கொண்டுவராதீர்கள். எவ்வளவு மெல்லத் தேய்த்தாலும் மயிரிழைக் கீறல் விழும், அச்சு மினுமினுப்பு அழியும்.

அப்பாவின் ஆல்பத்தைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்து, பக்கங்கள் குழைவாக இருந்தால் அது பிவிசி என்கிற பிளாஸ்டிக்காக இருக்கலாம். நாளடைவில் அதிலிருந்து அமிலம் கசிந்து காசில் பிசுபிசுப்பான பச்சைப் படலம் படியும், ஈரம் அதிகமான ஊரில் இன்னும் சீக்கிரம். பழைய ரூபாய்களில் ஏற்கனவே அப்படி இருந்தால் சுத்தமான அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி அல்ல) கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் ஊறவைத்து எடுங்கள், தேய்க்காமல். பக்கங்களைப் பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் வகைக்கு மாற்றிவிடுங்கள். இந்த ரூபாயின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், அதற்குப் பொருந்தும் வட்டக் காப்ஸ்யூலில் போட்டு, காப்ஸ்யூலோடு பாக்கெட்டில் வைப்பது இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் மலையில் வெறும் காசாக வைக்கவே வேண்டாம்.

ஆல்பத்தை ஸ்வெட்டர் அடுக்கில் வைக்கிற வழக்கம் இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. கம்பளியிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கடிக்கும், ரப்பர் பேண்டும் விறகுப் புகையும் கூட ஆகாது. புதுப் பிளைவுட் அலமாரியும் அமில ஆவி விடும், அதற்கு இரும்பு பீரோ மேல். ஆல்பத்தை மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஒரு சின்ன ஈரப்பதமானியையும் உள்ளே போடுங்கள், 50 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டியிருக்கும். உடைக்காத இரண்டு ஸ்லாபும் அதே டப்பாவுக்குள்தான், அவை ஒன்றும் காற்றுப் புகாத பெட்டிகள் அல்ல.

1911-க்கான இடம் ஆல்பத்தில் காலியாக இருக்கிறதே என்று மனசு கேட்காவிட்டால், அதன் படத்தை 30.5 மில்லிமீட்டர் வட்டமாக அசல் அளவில் அச்சிட்டு வெட்டி அங்கே வையுங்கள். உடைத்த இரண்டின் லேபிள்களையும் குப்பையில் போடாதீர்கள், காசில்லாத லேபிளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், போலிக் காசுக்கு அதை ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு செய்த நிறுவனத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பினால் தங்கள் கணக்கிலிருந்து அந்தக் காசை நீக்கிக்கொள்வார்கள்.