ஓட்டைமேல் பூப் போடலாமா? தையல் கேள்வி – பதில்

கேள்வி: காட்டன் சுடிதார் டாப்பில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதை மூடி சாட்டின் ஸ்டிச்சில் (இடைவெளியின்றி நெருக்கமாக நிரப்பும் தையல்) ரோஜா போட்டேன். மூன்றாவது சலவையில் பூ அப்படியே இருக்க, அதைச் சுற்றித் துணி கிழிந்துவிட்டது. நூல் சரியில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நூல்மேல் பழி வேண்டாம். பூ கனம், அதைத் தாங்கிய துணி நைந்த துணி. ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்காவது இழைகள் தேய்ந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. டாப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த இடம் மட்டும் சல்லடையாகத் தெரியும். அதன் எல்லையை முதலில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். இன்னொரு தவறு, சாட்டின் ஸ்டிச்சில் ஊசி ஒரே கோட்டில் நெருக்கமாக இறங்கியது. தபால் தலை ஓரத்தைப் போலத் துளை வரிசை விழுந்தால், நல்ல துணியே அந்தக் கோட்டில்தான் கிழியும்.

இனி இப்படிச் செய்யுங்கள். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியில், வரைந்த எல்லையைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக ஒட்டு வெட்டுங்கள். புதுத் துணி வேண்டாம். முதல் சலவையில் அது சுருங்கி, மேல் துணியையும் இழுத்துச் சுருக்கிவிடும். ஒட்டின் பாவும் (நீளவாக்கு இழை) ஊடையும் (குறுக்கிழை) டாப்பின் பாவு ஊடையோடு ஒரே திசையில் இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை விட்டால் இழுவிசை எல்லாம் அங்கேதான் சேரும். உள்பக்கம் வைத்து நூலோட்டி நிறுத்தி, ஓட்டையின் விளிம்பை டாப்பின் நிறத்திலேயே ஓரிழை நூலால் ஒட்டோடு சேர்த்துத் தையுங்கள். பிசிறை மட்டும் நறுக்கினால் போதும், ஓட்டையைப் பெரிதாக்கி ‘அழகான’ வட்டமாக்க வேண்டாம்.

அடுத்து, நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாக ரன்னிங் ஸ்டிச், அதாவது ஓட்டுத் தையல். கடைசி வட்டம் ஒழுங்காக இருக்கக் கூடாது. சில தையல்கள் நீண்டும் சில குறுகியும் நிற்கட்டும். அப்போதுதான் இழுவை ஒரே கோட்டில் விழாது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பூ. ஆறிழை நூலில் இரண்டு அல்லது மூன்று இழை, 7 அல்லது 8 நம்பர் ஊசி. நூல் 45 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம், பாதியிலேயே முறுக்கேறிச் சிக்கும். சாட்டினுக்குப் பதில் இதழ் இதழாக வளையம் போடும் லேஸி டெய்சி, இறகுபோல விரியும் ஃபெதர் ஸ்டிச் போன்ற இலேசான தையல்கள் நல்லது. ஓட்டை இல்லாத இடங்களிலும் அதே பூவை இரண்டு மூன்று போட்டுவிட்டால், எது ஒட்டு எது அலங்காரம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

கேள்வி: மகனின் ஜீன்ஸ் தொடை உட்புறம் தேய்ந்து வெள்ளை இழை தெரிகிறது. ஜப்பான் ‘சாஷிகோ’ தையல் போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக. துணியை அடுக்கி ஓட்டுத் தையலால் பலப்படுத்துவதற்கென்றே பிறந்த முறை அது. வங்காளத்துக் காந்தாத் தையலும் அதே வழிதான்: பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டியது.

வெள்ளை இழை தெரிகிறது என்றால் நீல நிறப் பாவு நூல் போய், ஊடை மட்டும் மிச்சம். ஓட்டை விழுமுன்னே கவனித்தது நல்லதாயிற்று. உள்ளே மெல்லிய காட்டன் ஒட்டு வையுங்கள். ஜீன்ஸ் துணியையே வைத்தால் தடித்து, தொடையில் உராய்ந்து புண்ணாக்கும். நாலு முதல் ஆறு இழை, 3 அல்லது 4 நம்பர் ஊசி. வரிகளுக்கிடையே அரை செ.மீ. இடைவெளி. மேலே தெரியும் தையல் மூன்று பங்கு என்றால், உள்ளே மறையும் இடைவெளி இரண்டு பங்கு. நூல் தேய்மானத்தைத் தாங்க வேண்டுமென்றால் மேல் தையல் 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது வரி திரும்பும் இடத்தில். அங்கே நூலை இறுக்கி இழுக்காமல், உள்பக்கம் நெல் அளவு வளையமாகத் தளர விடுங்கள். துவைத்துச் சுருங்கும்போது அந்தத் தளர்வு வேண்டியிருக்கும். முடிச்சும் கூடாது, தொடையில் உறுத்தும். வந்த தையல்கள் மேலேயே நாலைந்து தையல் திரும்பி ஓட்டி நூலை நறுக்கிவிடுங்கள். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் வரிகளைக் குறுக்கே போடாதீர்கள். துணி நீள்வது அந்தத் திசையில்தான், நூல் நீளாது, அறுந்துவிடும்.

கேள்வி: அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக விட்டிருக்கிறது. தோள் பக்கம் பின் குத்திய ஓட்டைகளும் உண்டு. எம்ப்ராய்டரியால் மறைக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். பின் குத்திய இடத்தில் பல சமயம் இழை அறுந்திருக்காது, விலகித்தான் இருக்கும். நகத்தால் நாலு பக்கமிருந்தும் இலேசாக நீவிவிட்டாலே பாதி மறையும். அறுந்திருந்தால் அடியில் அதே நிற ஆர்கன்சா (கண்ணாடிபோன்ற மெல்லிய துணி) வைத்து, 10 நம்பர் ஊசியில் ஓரிழைப் பட்டுநூலால் சிறு புட்டா போடலாம். ஜரிகை இழை தூக்கிக்கொண்டு நின்றால் வெட்டவே கூடாது. மெல்லிய ஊசியால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

மடிப்பில் விடுவதற்கு எம்ப்ராய்டரி மருந்தல்ல. முதலில் உள்முந்தியில் ஓர் ஓரத்தை இரு கைவிரலாலும் இலேசாக இழுத்துப் பாருங்கள். இழை ‘சரக்’ என்று விட்டால் ஊசி போடும் ஒவ்வொரு துளையும் புதுக் கிழிசல்தான். அந்தப் புடவையை உடுத்தும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. கரையும் முந்தியும் உடலைவிட உறுதியாக இருப்பது வழக்கம். அவற்றைப் பிரித்து, காட்டன் லைனிங் கொடுத்து ரவிக்கையாகவோ பாவாடைக் கரையாகவோ வைக்கலாம். மற்றப் பட்டுகளுக்காவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி) கற்றிருக்கிறேன். கிழிந்த துணியை ஆரி ஊசியில் சரிசெய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். ஆரிக்குத் துணியை மேளத் தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும், நைந்த துணி கட்டும்போதே போய்விடும். தவிர, ஆரி போடுவது சங்கிலித் தையல். ஓரிடத்தில் அறுந்து நுனி கையில் வந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். ஒட்டு வைத்து, கையால் ஓட்டித் துணியைக் கெட்டியாக்கிய பிறகு, மேலே அலங்காரத்துக்கு மட்டும் என்றால் சரி.

கேள்வி: டி-ஷர்ட்டில் சின்ன ஓட்டை. தைத்தால் சுருங்கிக்கொள்கிறது.
– வாசகர், வேலூர்

பதில்: டி-ஷர்ட் துணி நெய்ததல்ல, வளையம் வளையமாகப் பின்னியது. ஒரு வளையம் விட்டால் ஏணிப்படிபோல இறங்கும். ஆகவே முதலில் தொங்கும் வளையங்களை ஓரிழை நூலால் கோத்து நிறுத்துங்கள். பிறகு உள்பக்கம் இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ். ஃபிரேமில் மாட்டினால் இழுக்காமல் மாட்டுங்கள். இழுத்து மாட்டித் தைத்ததுதான் கழற்றியதும் சுருங்குகிறது. குறுக்கும் மறுக்குமாகப் போடும் ஹெர்ரிங்போன் தையல் துணியோடு சேர்ந்து நீளும்.

கேள்வி: வெள்ளைச் சட்டைப் பையில் சிவப்பு நூலால் பூப் போட்டேன். துவைத்ததும் சுற்றிலும் இளஞ்சிவப்பு. உப்பில் ஊறவைத்துத்தான் துவைத்தேன்!
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உப்பும் வினிகரும் ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தி நூலில் சாயத்தை நிறுத்தாது. ஆனாலும் இந்த நம்பிக்கை வீடு வீடாக இருக்கிறது. இப்போது இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், கறை பிடித்துக்கொள்ளும். வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து, சட்டை மிதக்கும்படி இரவு முழுக்க ஊறவிடுங்கள். தண்ணீர் சிவந்தால் மாற்றி மீண்டும் ஊறவையுங்கள். நடுவில் காயவிடக் கூடாது. தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை செய்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

அடுத்த முறை ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து அழுத்திப் பாருங்கள். கறை விட்டால் அந்த நூலைக் கறுப்பு ஜீன்ஸுக்கு ஒதுக்கிவையுங்கள்.