மாநாட்டை நிறுத்தச் சொல்வது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காமிக்ஸ், அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஒரு மாநாட்டில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். சமீபத்தில் எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம். இன்னொரு பெருந்தொற்று வந்தால், அரசு தடை போடாத பட்சத்தில், மாநாட்டை நடத்தலாமா கூடாதா? "வருகிறவர்கள் குழந்தைகளா என்ன? தெரிந்துதானே வருகிறார்கள். பயப்படுகிறவர்கள் வீட்டில் இருக்கட்டும். ரயிலும் அலுவலகமும் ஓடும்போது நாம் மட்டும் ஏன் மூட வேண்டும்?" என்கிறது ஒரு தரப்பு. 2021 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த அனிமே மாநாட்டை அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் வந்தது, ஒமைக்ரான் என்ற புதுவகைக் கொரோனா தொற்றிய ஒருவரும் உள்ளே இருந்தார், ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். பொழுதுபோக்குக்காக உயிரோடு விளையாடுவதா என்று கேட்கிறது மறு தரப்பு. நடுவில் ஓவியர்கள் இருக்கிறார்கள். மாநாட்டில் மேஜை எடுத்துப் படம் விற்பதை நம்பியே ஆண்டை ஓட்டுகிறவர்கள். எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. இணையவழியில் நடத்துவது ஒரு மாற்றாகுமா?

கா.

*

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர்கள் சொல்லும் நியூயார்க் மாநாட்டிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் அது வந்துவிடுகிறது. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மாநாடு நவம்பர் 19 முதல் 21 வரை ஜாவிட்ஸ் என்ற கண்காட்சி மையத்தில் நடந்தது. வந்தவர்கள் சுமார் 53,000 பேர். மின்னசோட்டாவிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு ஊர் திரும்பியபின் ஒமைக்ரான் உறுதியானது. அமெரிக்காவில் முதல் ஒமைக்ரான் நோயாளி கண்டறியப்பட்ட மறுநாள் இந்தச் செய்தி வெளியானதால் ஒரே பரபரப்பு. பிறகு சுகாதாரத் துறையினர், வந்தவர்களின் பரிசோதனை முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கிடைத்த சுமார் 4,560 முடிவுகளில் 119 பேருக்குத் தொற்று. அன்றைக்கு அந்த நகரத்தின் பொதுவான நிலவரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே மாநாட்டு அரங்கம் நோயைப் பெருக்கவில்லை என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் அந்த மின்னசோட்டாக்காரரோடு நெருங்கிப் பழகியவர்களில் பரிசோதித்துக்கொண்ட 23 பேரில் 16 பேருக்குத் தொற்று இருந்தது. இவர்கள் மாநாட்டை ஒட்டிய இரவுகளில் உணவகம், மதுக்கூடம், கரோக்கி என்று ஒன்றாகத் திரிந்தவர்கள். அரங்கத்துக்குள் முகக்கவசம் கட்டாயம். ஒரு தவணைத் தடுப்பூசியாவது போட்டிருந்தால்தான் அனுமதி. நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டிகள் காற்றைச் சுத்தம் செய்தன. இரவு விருந்து மேஜைக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது. ரசிகர் மாநாட்டுக்குப் போகிறவர்கள் அரங்கத்தைப் பார்க்க மட்டும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் எழுத்தில் மட்டும் பேசிய நண்பர்களை நேரில் பார்ப்பது, ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக்கொள்வது, விடிய விடிய பேசுவது எல்லாம் சேர்ந்ததுதான் மாநாடு. அமைப்பாளர்கள் காவல் போட முடிந்த இடம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

காலத்தையும் கவனியுங்கள். நவம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே பரவிக்கொண்டிருந்தது பெரும்பாலும் டெல்டா என்ற முந்தைய வகை. ஒமைக்ரான் அப்போதுதான் காலடி வைத்திருந்தது. டிசம்பர் பாதியில் நியூயார்க்கின் தொற்று எண்ணிக்கை செங்குத்தாக ஏறியது. அதே மாநாட்டை அதே விதிகளோடு நான்கு வாரம் தள்ளி வைத்திருந்தால் உங்கள் நண்பர்கள் இன்று வேறு உதாரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். நியூயார்க் மாநாடு தப்பியதற்கு அதன் ஏற்பாடுகள் ஒரு காரணம், நாள் அமைந்த விதம் இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அதை முன்மாதிரி என்று தூக்கிப்பிடிப்பது சரியில்லை.

இனி, "தெரிந்துதானே வருகிறார்கள்" என்ற வாதம். மலையேறுகிறவர் விழுந்தால் அவர் மட்டும் விழுவார். தொற்றுநோயில் கணக்கு அப்படி ஓடுவதில்லை. 2020 பிப்ரவரி கடைசியில் பாஸ்டனில் ஒரு மருந்து நிறுவனத்தின் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அங்கே பரவிய வைரஸுக்கு மரபணுவில் ஓர் அடையாளம் இருந்ததால், பின்னால் அதன் வழித்தடத்தை ஆய்வாளர்களால் தொடர முடிந்தது. பல மாநிலங்களிலும் வேறு நாடுகளிலும் அந்த அடையாளம் தென்பட்டது. அந்தக் கூட்டத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அதன் நோயைச் சுமந்தார்கள். அதற்கடுத்த மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறை, இரண்டரை மணி நேரம், உரத்த குரல். மாநாட்டின் கேள்வி பதில் அரங்குகளில் இந்த மூன்றும் உண்டு.

ரயிலோடும் அலுவலகத்தோடும் ஒப்பிடுவது ஏன் பொருந்தவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ரயிலில் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள் அரைமணி நேரம் வாய் மூடி நிற்கிறார்கள். மாநாட்டில் நூறு ஊர்க்காரர்கள் மூன்று நாள் கத்திப் பேசிவிட்டு நூறு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் நண்பர்களின் கோபம் எனக்கும் உண்டு. விளையாட்டு அரங்கங்களை நிரப்ப அனுமதித்துவிட்டு, புத்தகம் படிக்கிறவர்களின் கூட்டத்துக்கு மட்டும் உபதேசம் செய்த அரசுகள் இருந்தன. பணபலம் உள்ளவர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு வேறொன்று. அதற்காக இரண்டாவது தவற்றையும் செய்துவிட வேண்டியதில்லை.

இதெல்லாம் ரசிகர் உலகத்துக்குப் புதிதும் அல்ல. மாநாடு முடிந்த வாரம் காய்ச்சலில் படுப்பதைப் பற்றி எத்தனை காலமாகக் கேலி பேசிக்கொள்கிறார்கள்! 2009இல் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் என்ற வீடியோ கேம் மாநாட்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு பேருக்குப் பன்றிக்காய்ச்சல் வந்ததாகக் கணக்கு வந்தது. கேலி கொஞ்சம் குறைந்து கவனம் கொஞ்சம் கூடியிருக்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு அப்புறம்தான் வருகிறது. நடத்தலாமா கூடாதா என்று உங்கள் குழு மோதிக்கொள்கிறது. வேண்டாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அப்படி முடிவெடுத்தால் அவருக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

2020 மார்ச்சில் சியாட்டில் நகரத்தின் எமரால்ட் சிட்டி காமிக் கான் என்ற காமிக்ஸ் மாநாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். மார்ச் 12 அன்று தொடங்க வேண்டிய மாநாடு. பிப்ரவரி முடியும்போதே அந்தப் பகுதியில் கொரோனா மரணம் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மாநாடு திட்டமிட்டபடி நடக்கும் என்றே அமைப்பாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிப்பகங்களும் ஓவியர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். மார்ச் 6ஆம் தேதிதான் தள்ளிவைப்பு அறிவிப்பு வந்தது, தொடக்கத்துக்கு ஆறு நாள் முன்பு. அதற்குள் பலரும் விமானச் சீட்டு எடுத்து, படங்களை அச்சடித்து, பெட்டிகளை அனுப்பியிருந்தார்கள். நுழைவுச்சீட்டுப் பணத்தையும் மேஜைக் கட்டணத்தையும் திருப்பித் தரலாம். அச்சடித்து அடுக்கி வைத்த படங்களுக்கு யார் தருவார்கள்?

இப்படி இழுத்தடிப்பது கெட்ட எண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தொழிலின் ஒப்பந்தங்களே அப்படித்தான் எழுதப்படுகின்றன. அரங்கத்தையும் விடுதி அறைகளையும் மொத்தமாக, சில சமயம் பல ஆண்டுகள் முன்னதாகவே, பிடித்து வைக்கிறார்கள். அமைப்பாளர் தானாக ரத்து செய்தால் தண்டத்தொகை. அரசு உத்தரவு போட்டு நிறுத்தினால், மனித சக்திக்கு மீறிய காரணம் என்ற பிரிவின் கீழ் அது விலகிப்போகும். ஆகவே ஆபத்து தெரிந்தவர்கூட உத்தரவுக்காகக் காத்திருப்பார். அரசோ வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகுதான் உத்தரவு போடும். காப்பீடு இருந்தால் கதை மாறும். விம்பிள்டன் டென்னிஸ் நிர்வாகம் பல ஆண்டுகளாகப் பெருந்தொற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு கட்டிவந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே, போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, அவர்களால் ரத்தை அறிவிக்க முடிந்தது. அவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதில்லை, சரியான முடிவை எடுக்க அவர்களுக்குக் கையில் காசு இருந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் மாநாடுகளுக்கு அந்த வசதி கிடையாது. 2020க்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தொற்றுநோயைப் பொதுவாகவே விலக்கி எழுதுகின்றன.

அமெரிக்காவின் புகழ்பெற்ற காமிக்ஸ் மாநாடான சான் டியேகோ காமிக் கான் 2020 ஏப்ரல் 17 அன்று அந்த ஆண்டு மாநாட்டை ரத்து செய்தது. 1970இல் தொடங்கியதிலிருந்து அதுவே முதல் முறை. ஜூலை மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டதால் யாரும் பெட்டி கட்டவில்லை. ரத்து என்பதைவிட, அது எப்போது வருகிறது என்பதே சின்ன ஓவியர்களை வாழவைக்கும் அல்லது சாகடிக்கும்.

அப்படியானால் பெருந்தொற்று முடியும்வரை எதுவுமே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சும் 2021 டிசம்பரும் ஒரே பெருந்தொற்றுக்குள் இருந்தவைதான், ஆனால் ஒரே உலகம் அல்ல. முதலாவதில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதே தெளிவில்லை, தடுப்பூசி இல்லை, மருத்துவமனைகள் திணறின. அந்த நிலையில் பெரிய கூட்டம் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. இரண்டாவதில் பேசிப்பார்க்க இடம் இருந்தது. ரசிகர்கள் தாங்களே படைத்த காமிக்ஸை விற்கும் டோக்கியோவின் காமிக்கெட் சந்தை 2019 டிசம்பரில் நான்கு நாளில் 7,50,000 பேரைக் கண்டது. 2020 மே மாதம் நடக்க வேண்டியதை ரத்து செய்தார்கள். 2021 டிசம்பர் 30, 31இல் திரும்பி வந்தபோது நாளொன்றுக்கு 55,000 பேர் என்று வரம்பு, முன்பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. விற்பனை குறைந்திருக்கும், கூட்டத்தின் உற்சாகமும் குறைந்திருக்கும். ஆனாலும் அதை நாணயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

முகக்கவசம், காற்றோட்டம், பரிசோதனை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். காய்ச்சல் வந்தவருக்குக் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கடைசி நாள் காலையில் சொன்னாலும். மாதக்கணக்கில் காசு சேர்த்து, கதாபாத்திர வேடத்துக்கு உடை தைத்து, அறை எடுத்த ஒருவர் மாநாட்டு நாளில் தொண்டை கரகரப்போடு எழுந்தால் என்ன செய்வார்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். வாசலில் வெப்பமானி அவரைப் பிடிக்காது, மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கும். எத்தனை விதி எழுதினாலும் அவரை வீட்டில் இருக்கவைக்கக்கூடியது அந்தப் பணம் ஒன்றுதான். மேஜை எடுத்த ஓவியருக்கும் இதே விதி வேண்டும், ஏன், அவருக்குத்தான் முதலில் வேண்டும். நாள் முழுக்க ஆயிரம் பேரோடு முகத்துக்கு முகம் பேசுகிறவர் அவர். இதைச் செய்யப் பணமில்லை என்று ஒரு குழு சொன்னால், பெருந்தொற்றுக் காலத்தில் மாநாடு நடத்த அந்தக் குழுவுக்கு வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

இணையவழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2020 ஜூலையில் சான் டியேகோகாரர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும் மாநாட்டை இலவசமாக நடத்தினார்கள். முன்கூட்டியே பதிவு செய்த உரையாடல்கள். பார்க்கலாம், ஆனால் கைதட்டல் இல்லாத நகைச்சுவையைப் பார்ப்பது கஷ்டம். அந்த ஜூலைக் கடைசியில் நியூசிலாந்து நடத்திய உலக அறிவியல் புனைவு மாநாடு முழுக்க இணையத்திலேயே நடந்தது. நேர வித்தியாசத்தில் பாதி உலகம் தூங்கிக்கொண்டிருந்தது என்று குறைபட்டவர்கள் உண்டு. ஆனால் உடல்நிலையாலும் பணத்தாலும் ஒருநாளும் நேரில் வந்திருக்க முடியாதவர்களுக்கு அதுவே வாசல். ஆகவே நேர் மாநாட்டுக்கு மாற்று என்று நினைக்காமல், எல்லா ஆண்டும் கூடவே நடக்க வேண்டிய ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர்களின் வருமானத்தை அது ஈடுகட்டாது என்பதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

ஓராண்டு நின்றால் மாநாடே செத்துவிடும் என்ற பயமும் உங்கள் குழுவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த உலக அறிவியல் புனைவு மாநாடு போரால் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. 1946இல் லாஸ் ஏஞ்சலிஸில் மீண்டும் கூடினார்கள். மறுபக்கம், 2020இல் ரத்தான ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி பழையபடி எழவே இல்லை, 2023இல் மூடுவிழா நடந்தது. ஆனால் நிறுவனங்கள் பெருந்தொற்றுக்கு முன்பே அதைவிட்டு விலகத் தொடங்கியிருந்தன. ரசிகர்களே நடத்துகிற மாநாடு அவ்வளவு சுலபமாகப் போகாது.

உங்கள் குழு அடுத்த முறை கூடும்போது இந்த விவாதத்தை விட்டுவிட்டு, அரங்கத்தோடும் விடுதியோடும் போட்ட ஒப்பந்தங்களை மேஜையில் வையுங்கள். அரசு உத்தரவு இல்லாமல் நீங்களே நிறுத்தினால் எவ்வளவு தண்டம், எந்தத் தேதிக்குள் நிறுத்தினால் அது குறையும், தொற்றுநோயைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள். இப்போது பெருந்தொற்று எதுவும் இல்லாத நேரம், விடுதிக்காரரும் சிரித்துப் பேசுவார். பிறகு, நிறுத்தும் முடிவை எடுக்க மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூவரில் ஒருவருக்கும் மாநாட்டின் வரவு செலவில் பங்கு இருக்கக் கூடாது. ஒருவராவது மருத்துவமனையில் வேலை செய்கிறவராக இருந்தால் நல்லது.

அன்புடன்.